ராத்திரி கால், பகல் வேலை: இரண்டாகப் பிளந்த நாளைச் சரிசெய்யும் முறை

காலை 10 மணிக்கு லாக்-இன். மாலை ஐந்தரைக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம். ஏழரைக்கு நியூயார்க் கிளையன்ட்டோடு மீட்டிங் கால். அது முடிந்து இரண்டு மெயில் போட்டு லேப்டாப்பை மூடும்போது மணி பத்தரை. உட்கார்ந்து பார்த்த வேலையைக் கூட்டினால் பத்தரை மணி நேரம்தான் வரும். ஆனால் நாள் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு விரிந்து கிடக்கிறது. சென்னை ஓஎம்ஆரிலும் கோவை சரவணம்பட்டியிலும் ஐடி வேலையில் இருக்கும் பலருடைய நாள் இப்படித்தான். இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை ஓய்வு என்று சொல்ல முடியாது. அடுத்த காலுக்காகக் காத்திருக்கும் நேரம் அது.

முழு நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அவர்களுக்குத் தூக்கம் தலைகீழ் என்றாலும் வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. பகல் வேலையோடு ராத்திரி கால் வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்கு அந்த இரண்டும் இல்லை. களைப்பு, வேலையில் பிடிப்பில்லாமை, வீட்டில் சிடுசிடுப்பு மூன்றும் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் யோகா வகுப்பில் சேர்வதற்கு முன்னால் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.

முதலில் பத்து நாள் கணக்கு

ஒரு சின்ன நோட்டு போதும். எக்ஸெல் வேண்டாம், அதைத் திறந்தால் பக்கத்திலேயே மெயிலும் திறக்கும். பத்து வேலைநாள் எழுதுங்கள். இரண்டு வார ஸ்பிரின்ட் (வேலையைப் பிரித்து முடிக்கும் ஒரு சுற்று) ஒன்று அதற்குள் முழுதாக அடங்கிவிடும். நாளுக்கு ஒரு பக்கம்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை, யாருக்காக, முடித்த பிறகு தெம்பு கூடியதா குறைந்ததா. கடைசியதற்கு ஒரு கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி போட்டால் போதும்.

பலரும் தவறுவது ஓர் இடத்தில். மீட்டிங் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். “சும்மா டீம்ஸைத் திறந்து பார்த்தேன்” என்று ஆபீஸ் செய்திச் செயலியை எட்டிப்பார்த்தது பதிவாகாது. சாப்பிடும்போது, பைக்கை நிறுத்தியதும், படுக்கையில் என ஒவ்வொரு தடவை பார்த்ததற்கும் ஒரு கோடு போடுங்கள். ராத்திரி மொத்தமாக நினைவிலிருந்து எழுதினால் இந்தக் கோடுகள் பாதிக்குப் பாதி காணாமல் போகும்.

பத்தாம் நாள் இரண்டு எண்களை எடுங்கள். முதலாவது, காலையில் முதல் செய்தியைத் திறந்ததிலிருந்து ராத்திரி கடைசியாக மூடியது வரை உள்ள விரிப்பு. இரண்டாவது, ராத்திரி மூடியதிலிருந்து மறுநாள் திறந்தது வரை உள்ள இடைவெளி. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கேட்கிறது. அந்தச் சட்டம் நமக்கில்லை, ஆனால் அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு முடித்துவிட்டு மறுநாள் ஒன்பது மணி ஸ்டேண்ட்அப்பில் (டீமின் அன்றாடச் சிறு மீட்டிங்) உட்கார்ந்தால் இடைவெளி ஒன்பதரை மணி நேரம்தான். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் 11-க்குக் கீழே போனால், முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

எந்த மீட்டிங் காலை எங்கே நகர்த்தலாம்

அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப இழுக்கிறார்கள். நியூயார்க்கில் காலை 9 என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. டல்லாஸ் என்றால் 7.30, 8.30. கலிஃபோர்னியா என்றால் 9.30, 10.30. அரிசோனாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ஃபீனிக்ஸ் கிளையன்ட் வாய்த்தவர்களுக்கு அங்கே காலை 9 என்பது ஆண்டு முழுவதும் இங்கே இரவு 9.30. லண்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். இந்தத் தேதிகள் ஒத்துப்போகாததால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், நவம்பரை ஒட்டி ஒரு வாரமும் மூன்று நாட்டுக் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். “நேத்து வரைக்கும் சரியாத்தானே இருந்துச்சு” என்று டீம் முழுக்க முழிக்கும் வாரங்கள் அவை.

கேட்பதற்கு எளிதானது நியூயார்க்கின் காலை 8 மணி. நமக்கு 5.30 அல்லது 6.30. அங்கே சீக்கிரம் வேலை தொடங்கி மதியத்துக்கு மேல் வீட்டுக்குக் கிளம்ப விரும்புபவர்கள் உண்டு. கேட்டால்தான் தெரியும். கலிஃபோர்னியாவுக்கு நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. அவர்களுடைய காலை 7 நமக்குக் கோடையில் இரவு 7.30. இல்லையென்றால் ஒரு வாரம் நம் இரவு, மறுவாரம் அவர்கள் மாலை 7.30, அதாவது கோடையில் நம் காலை 8 என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். சுமை பகிரப்படுவதால் இது நியாயமும்கூட.

வெள்ளி இரவு வரும் மீட்டிங் காலைத் தனியாகக் கவனியுங்கள். அவர்களுக்கு அது வெள்ளி காலை. நமக்கோ வார விடுமுறையின் முதல் இரவே போய்விடுகிறது. அதை வியாழனுக்கு மாற்றிக் கேளுங்கள். எதிர்ப்பு குறைவாக வரும் கோரிக்கை இதுதான்.

திங்கள்கிழமையோ நமக்கு இலவசமாகக் கிடைத்த நாள். நாம் திங்கள் காலை உட்காரும்போது அமெரிக்காவில் ஞாயிறு இரவு. மாலை வரை அங்கிருந்து ஒரு செய்தியும் வராது. தலையைக் கொடுத்துச் செய்ய வேண்டிய டிசைன், சிக்கலான பக் (மென்பொருள் பிழை), நெடுநாளாகத் தள்ளிப்போட்ட ஆவணம் எல்லாவற்றையும் திங்கள் 10 முதல் 1 மணிக்குள் வையுங்கள். பல டீம்கள் அந்த நேரத்தை “வாராந்திரப் பிளானிங்” என்று மூன்று மணி நேர மீட்டிங்காகக் கரைத்துவிடுகின்றன.

மேனேஜரிடம் எப்படிக் கேட்பது? “ராத்திரி கால் கஷ்டமா இருக்கு” என்றால் “எல்லாருக்கும்தான்” என்று பதில் வரும். பத்து நாள் கணக்கிலிருந்து இரண்டு எண், கூடவே மூன்று மாற்று யோசனை, நான்கு வாரச் சோதனை என்று கேளுங்கள். ஐந்து பேர் டீம் என்றால் ஒருவர் மட்டும் காலில் இருந்து குறிப்பு அனுப்பட்டும், மற்ற நால்வரும் அன்றைக்கு விடுபடட்டும். ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு இரவுதான் வரும். சுழற்சி தோற்றுப்போவது ஒரே காரணத்தால்: குறிப்பை நம்பாமல் எல்லாரும் “சும்மா கேட்டுட்டு இருக்கேன்” என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். லீடே முதல் வாரம் வராமல் இருந்து காட்ட வேண்டும்.

ஹேண்டோவர் குறிப்பு

பாதிக் கால்கள் நடப்பதே, நாள் முடிவில் வேலையை அந்தப் பக்கத்துக்குக் கைமாற்றும் இந்தக் குறிப்பு மோசமாக இருப்பதால்தான். “வேலை நடக்கிறது” என்று எழுதினால் அந்தப் பக்கம் இருப்பவர் கூப்பிடத்தான் செய்வார். வேறென்ன செய்வார்? ஐந்து வரி எழுதுங்கள்: இன்று முடிந்தது, நின்றுபோனது, யார் எதை முடிவு செய்ய வேண்டும், நாளை முதலில் எடுக்கப்போவது, எது உடைந்தால் மட்டும் ராத்திரி போன் செய்யலாம்.

மூன்றாவது வரியில்தான் சூட்சுமம். கேள்வியைத் திறந்து விடாதீர்கள். “இந்த அறிக்கையில் பழைய தேதி வடிவமா, புதியதா? உங்கள் நண்பகல் 12-க்குள் பதில் இல்லையென்றால் புதியதை வைத்துத் தொடர்கிறேன்” என்று எழுதினால் கால் தேவைப்படாது. திரும்ப மாற்ற முடியாத விஷயங்களுக்கு, அதாவது டேட்டா அழிப்பு, பணம், புரொடக்‌ஷன் வெளியீடு ஆகியவற்றுக்கு, இந்த முறையைத் தொடவே கூடாது. அங்கே வாய்விட்டுக் கேட்பதுதான் சரி. நேரத்தை எப்போதும் இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதுங்கள். ‘நாளை’ என்ற சொல்லையும் தவிர்த்துக் கிழமையைச் சொல்லுங்கள்.

ராத்திரியை மூடுவது

முடியாத வேலை மனதில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை அடுத்து எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமாக எழுதிவிட்டால் அந்தச் சுற்றல் தணிகிறது என்பதை உளவியலாளர்கள் மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேலையை முடித்தாக வேண்டும் என்றில்லை, எழுதினாலே போதும். ஆகவே கடைசிக் கால் முடிந்ததும் பத்து நிமிடம்: நாளைய முதல் மூன்று வேலை, ஒவ்வொன்றுக்கும் நேரம். பிறகு லேப்டாப் மூடல். சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே.

சாப்பாடு காலுக்கு முன்னால். பதினொன்றுக்கு மேல் பரோட்டா சால்னா என்றால் தூக்கமும் அதோடு போராடும். பசித்தால் ஒரு வாழைப்பழமோ ஒரு டம்ளர் பாலோ போதும். காபியின் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் கூடக் குறைய. பன்னிரண்டரைக்குப் படுப்பவர் கடைசி டம்ளரை நாலரைக்குள் முடித்துவிட வேண்டும். பல வீடுகளில் “ஏன்தான் தூக்கம் வரலையோ” என்ற கேள்விக்குப் பதில், காலுக்குத் தெம்பு வேண்டுமென்று ஆறரைக்குக் குடித்த அந்த ஃபில்டர் காபி. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம்.

வேலையில் பிடிப்பு

வேலைச் சூழலை ஆராய்ந்த வில்லியம் கான் 1990-இல் எழுதிய கட்டுரை, ஒருவர் தன் வேலைக்குள் முழுதாக இறங்க மூன்று நிலை வேண்டும் என்றது: செய்வதில் அர்த்தம், பேசினால் அடி விழாது என்ற நம்பிக்கை, இறங்குவதற்குத் தெம்பு. இதுவரை சொன்னதெல்லாம் மூன்றாவதற்கு. இனி முதலாவது.

நோட்டில் கழித்தல் குறி விழுந்த வேலைகளில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். சப்போர்ட் புராஜெக்ட்டில் இருப்பவர்களுக்கு அது ஒரே மாதிரி டிக்கெட்டாக, அதாவது பயனர் பதிவு செய்யும் கோளாறுப் புகாராக, இருக்கும். 20 நிமிட டிக்கெட் வாரம் ஆறு தடவை வந்தால் இரண்டு மணி நேரம். அதை நிரந்தரமாகச் சரிசெய்ய 12 மணி நேரம் ஆகும் என்றால் ஆறு வாரத்தில் முதல் திரும்பிவிடும். இந்தக் கணக்கோடு போனால் மேனேஜர் நேரம் ஒதுக்குவார், வெறும் ஆர்வத்தோடு போனால் ஒதுக்க மாட்டார். கூட்டல் குறி விழுந்த வேலையை வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக் கேளுங்கள். ஒரே நாளில் பொறுப்பையே மாற்றக் கேட்பது பலிக்காது.

இன்னொன்று, உங்கள் மென்பொருளைக் கடைசியில் பயன்படுத்துபவர் யார் என்று ஒரு தடவையாவது பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம், அவர் திரையைப் பகிர்ந்து வேலை செய்வதைக் குறுக்கிடாமல் பார்த்தால் போதும். நீங்கள் மூன்று நாள் மினுக்கிய பட்டனை அவர் தொடுவதே இல்லை என்று தெரியவரலாம். வலிக்கும், ஆனால் அடுத்த டிக்கெட் வெறும் எண்ணாகத் தெரியாது.

மனிதர்கள்

சில நாள் வீடு, சில நாள் ஆபீஸ் என்ற ஹைப்ரிட் வேலையில் ஆளுக்கொரு நாள் ஆபீஸ் வந்தால், இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் தவழ்ந்து வந்து வீட்டில் பார்த்த அதே மீட்டிங் காலை ஹெட்செட்டில் பார்ப்பதுதான் மிச்சம். டீம் முழுவதும் ஒரே கிழமை வர முடிவு செய்யுங்கள். அன்றைக்கு 12.30 முதல் 2 வரை யாருக்கும் மீட்டிங் கிடையாது. சாப்பாட்டு மேசையில் தமிழ் தெரியாத ஒருவர் இருந்தால் அவருக்கும் புரியும் மொழியில் பேசுங்கள். எட்டுப் பேர் சிரிக்க ஒருவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார்.

வீட்டுக்கும் ஒரு ஹேண்டோவர் வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் மாதக் காலண்டர் ஒட்டி, கால் உள்ள இரவுகளை வட்டமிடுங்கள். வட்டமில்லாத இரவு வீட்டுக்குச் சொந்தம். பகலில் நீங்கள் வீட்டில் இருப்பதைப் பார்க்கும் அம்மாவுக்கு “புள்ள சும்மாதான் இருக்கான், கேஸ் புக் பண்ணச் சொல்லலாம்” என்று தோன்றுவது இயல்பு. காலண்டரில் பகல் வேலை நேரத்தையும் கோடிட்டு வைத்தால் அந்தச் சண்டை குறையும். கூடுதல் வேலைக்கு ஈடாகக் காம்ப்-ஆஃப் விடுமுறை கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் ரிலீஸ் தேதி வந்து விழுங்கிவிடும்.

எல்லாம் செய்தும் களைப்பு குறையாமல், வேலைமீது வெறுப்பு ஊறி, செய்வதெல்லாம் வீண் என்று தோன்றினால் அது வேறு கட்டம். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வுக்குச் சொல்லும் மூன்று அடையாளங்கள் இவைதான். அதை அது நோய் என்று சொல்வதில்லை, வேலை சார்ந்த நிலை என்கிறது. வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆறு வாரம் கழித்து ஐந்து நாள் மட்டும் மறுபடி நோட்டு எழுதுங்கள். விரிப்பு ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை என்றால் புராஜெக்ட் மாற்றம் கேட்கும் நேரம். ரிலீஸ் முடிந்த வாரத்தில் கேளுங்கள், நடுவில் கேட்டால் கதவு அடைபடும். குறைந்திருந்தால் போனில் அக்டோபர் 25-க்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு தாண்டியதும், அரும்பாடுபட்டு ஐந்தரைக்கு இழுத்த கால் ஆறரைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மீட்டிங் அழைப்பு இந்திய நேரத்தில் போடப்பட்டிருந்தால் நமக்கு நகராது, நியூயார்க்கில் காலை 7 ஆகிவிடும். அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பதை ஒரு வாரம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.