இத்தாலியப் பண்ணைவீட்டு அழகு வேண்டுமா? சுவரில் தொடங்குங்கள்

டஸ்கனி பக்கத்துப் பழைய பண்ணைவீடுகளின் அழகில் பெரும்பங்கு சுண்ணாம்புச் சுவருக்குத்தான். அலங்காரச் சாமான் வாங்கும் முன் அதைக் கவனியுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, சியன்னா மண்ணின் மஞ்சள்காவி நிறப்பொடியைக் கொஞ்சம் கலக்குங்கள். பொடி கூடிப்போனால் பூச்சு கையில் ஒட்டும். கண்ட சாயமும் சுண்ணாம்பின் காரத்தில் வெளுத்துவிடும். மண் நிறங்கள், இரும்பு ஆக்சைடு போன்ற காரம் தாங்கும் நிறப்பொடிகள்தான் நிற்கும்.

சுவரை நனைத்துவிட்டு, அகலமான பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிசாக 3 முறை அடியுங்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காயக் காய வெளிறும். அதனால் முதலில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். காய்ந்தபின் தெரியும் திட்டுத்திட்டான சாயல்தான் இதன் அழகே, ரோலர் போட்டுச் சமப்படுத்திவிடாதீர்கள். எமல்ஷன் அடித்த சுவரில் இது பிடிக்காது. அதைச் சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அப்புறம் தரை. ஃப்ளாரன்ஸ் அருகே இம்ப்ரூனேட்டா ஊரின் டெரகோட்டா ஓடுகள் பேர்போனவை. எந்தச் சுட்ட மண் ஓடானாலும் பளபள வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் மெழுகு பூசுங்கள். பிளாஸ்டிக் திராட்சைக் கொடியை மட்டும் தயவுசெய்து தொங்கவிடாதீர்கள்.