மைனஸ் 30-ல் டீசல் டிரக்கைக் கிளப்புவது

கனடாவின் வின்னிபெக் மாதிரி ஊரில் ஜனவரி காலையில் சாவியைத் திருப்பியும் டிரக் கிளம்பவில்லை என்றால், தப்பு முந்தின ராத்திரியே நடந்துவிட்டது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அமுக்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இரும்பு சில்லிட்டுக் கிடந்தால் அந்தச் சூட்டை அதுவே குடித்துவிடும்.

அதனால் பிளாக் ஹீட்டர், அதாவது எஞ்சினைக் கரண்டில் சூடாக்கி வைக்கும் ஹீட்டர். கிரில் வழியே தொங்கும் அந்த ஒயரைக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே கரண்டில் மாட்டிவிடுங்கள். டைமர் வைத்தால் பில்லும் ஏறாது.

சரி, காலையில் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி எரியும் குளோ பிளக் (எஞ்சினுக்குள் சூடேற்றும் கம்பி) விளக்கு அணையும்வரை பொறுங்கள். கடுங்குளிரில் இதையே இரண்டு முறை செய்யலாம். அப்புறம் ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள்; கிளம்பாவிட்டால் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள், குளிரில் பாட்டரி ஏற்கெனவே பாதி செத்துத்தான் இருக்கும். அவசரப்பட்டு ஈதர் ஸ்ப்ரே (சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம்) அடிக்காதீர்கள். சூடான குளோ பிளக்கில் பட்டு வெடித்தால் பிஸ்டன் போய்விடும்.

கிளம்பி இரண்டே நிமிடத்தில் அணைந்தால் எஞ்சினைத் திட்டாதீர்கள், டீசல் ஃபில்டரைப் பாருங்கள். டீசலில் உள்ள மெழுகு உறைந்து அடைத்திருக்கும். ஒருமுறை நான் கழற்றியபோது உள்ளே மார்கழி மாத நெய் டப்பா மாதிரி இருந்தது, தெற்கே ஏதோ ஊரில் நிரப்பிய டீசலோடு வடக்கே வந்ததன் பலன். குளிர்கால டீசலை உள்ளூரிலேயே நிரப்புங்கள். டீசல் உறையாமல் காக்கும் ஆன்டி ஜெல் திரவத்தை டீசல் உறைவதற்கு முன்பே ஊற்ற வேண்டும், உறைந்தபின் ஊற்றிப் பயனில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு புது ஃபில்டர் கிடக்கட்டும்.