சிறு குழந்தையுடன் ஜவ்வாது மலைக்கு

இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையைக் காட்டுக்கு அழைத்துச் செல்பவர்கள், தூரத்தையும் நேரத்தையும் குழந்தையின் நடையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வழியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் எடுத்துப் பார்த்தபடி வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோமீட்டரே நெடுநடைதான். மீதித் தூரம் யாராவது ஒருவர் தோளில் கழியும் என்பதால், மாற்றி மாற்றித் தூக்க இரண்டு பெரியவர்களாவது உடன் வருவது நல்லது.

முதல் பயணத்துக்கு அமிர்தி போதும். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் மலையடிவாரத்தில் இருக்கும் அங்கே சிறிய விலங்குக் காட்சிச்சாலையும் உண்டு. நடக்க மாட்டேன் என்று குழந்தை அடம்பிடித்தால் மான்களைக் காட்டிச் சமாளித்துவிடலாம். அது பழகிய பின் மலைமேலுள்ள ஜமுனாமரத்தூரில் தங்கி, பீமன் அருவியைப் பார்த்து வரலாம். காட்டுப் பாதைகளில் நடப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு விதிகள் இறுகியிருப்பதால், குழந்தைகளுக்கான வயது வரம்பையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கத்திரி வெயிலில் மலையடிவாரமும் வேலூரைப் போலவே கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அருவி அழகாக இருந்தாலும், பாறை வழுக்குவதோடு, மேலே பெய்த மழைக்குக் கீழே தண்ணீர் சட்டென்று பெருகும். என் கணக்கில் தை மாதமே உகந்தது; இரவுக் குளிருக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் மட்டும் மறக்கக் கூடாது. விடிந்ததும் நடக்கத் தொடங்கி, பத்து மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

உணவுக்கு இட்லியும் வாழைப்பழமும் போதும். முழு வேர்க்கடலை தொண்டையில் சிக்கும் என்பதால் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்; பாதிப் பொடியைக் குத்துமதிப்பாகப் போடுவது தவறு. ஒரு பழைய நூல் புடவை இருந்தால் உறுதியான கிளையில் தூளி கட்டிவிடலாம். கட்டும் முன் கிளையை ஒருமுறை உலுக்கி, இலைகளைச் சேர்த்துத் தைத்தாற்போன்ற முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது அவசியம்.

பாம்புக்கும் கரடிக்கும் அஞ்சுகிற பெற்றோர் பலர், வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி காணப்படும் உண்ணிக் காய்ச்சலை, அதாவது ஸ்க்ரப் டைபஸை, நினைத்துப் பார்ப்பதில்லை. புதர்களிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைப் பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் இது பரவுகிறது. மழை ஓய்ந்த குளிர்மாதங்களில்தான் அதிகம். ஆகவே தை மாதப் பயணத்திலும் முழுக்கால் சட்டை அணிவித்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகி, புல்தரையில் விரிப்பில்லாமல் உட்கார விடாமல் இருக்க வேண்டும். பூச்சி விரட்டிக் களிம்பை உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். குழந்தையின் கையில் பூசினால் அது வாய்க்குத்தான் போகும். திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, உடுத்திய துணிகளைத் துவைக்கப் போட்டுவிட வேண்டும்.

அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் வலியில்லாத கரும்பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டாலும்கூட, காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் இதற்குத் தகுந்த ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கின்றன.