இரண்டே ஸ்வரம் ஒலிக்கும் கிட்டார் கார்டுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

கிட்டாரில் இரண்டு கம்பியை மட்டும் அழுத்தி மீட்டினால் காதுக்கு நிறைவாகத்தான் இருக்கும். தாளில் எழுதப் போனால்தான் சி மேஜரா, ஏ மைனரா என்று கை நிற்கும். மேஜர் அல்லது மைனர் கார்ட் முழுதாக அமைய ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம்), காந்தாரம், பஞ்சமம் என மூன்று ஸ்வரம் வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் மீதியைப் பேஸும் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரம்) பாட்டின் ஸ்கேலும்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் இரண்டு ஸ்வரங்களுக்கும் இடையிலான தூரத்தை எண்ணுங்கள். பிறகு சுற்றி என்ன ஒலிக்கிறது என்று கேளுங்கள்.

தூரத்தை எண்ணுவது

வழக்கமான டியூனிங்கில், தடித்த 6ஆம் கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே 5 ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) தூரம்; 3ஆம் கம்பிக்கும் 2ஆம் கம்பிக்கும் இடையே மட்டும் 4. இந்த எண்ணோடு மெல்லிய கம்பியின் ஃபிரெட்டைக் கூட்டி, தடித்த கம்பியின் ஃபிரெட்டைக் கழியுங்கள். 5ஆம் கம்பியில் 3ஆம் ஃபிரெட், 4ஆம் கம்பியில் 2ஆம் ஃபிரெட் என்றால் 5+2−3=4. நடுவில் ஒரு கம்பியை விட்டுப் பிடித்தால் 6–4, 5–3 ஜோடிகளுக்கு 10, 4–2, 3–1 ஜோடிகளுக்கு 9 என்று தொடங்குங்கள். விடை 12ஐத் தாண்டினால் 12ஐக் கழித்துவிடலாம்.

பிழை அதிகம் நடப்பது அந்த 3–2 ஜோடியில்தான். 5ஆம் ஃபிரெட்டில் ஒரே விரலால் 4, 3 கம்பிகளை அழுத்தினால் ஜி–சி, தூரம் 5. அதே விரலை 3, 2 கம்பிகளுக்கு நகர்த்தினால் சி–ஈ, தூரம் 4. விரல் பிடி ஒன்றுதான், ஆனால் கார்ட் வேறு. பிடியைப் பார்த்துப் பெயர் வைக்கவே வைக்காதீர்கள்.

கீழ் ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் 3 சாதாரண காந்தாரம், 4 அந்தர காந்தாரம், 5 சுத்த மத்யமம், 6 பிரதி மத்யமம், 7 பஞ்சமம், 8, 9 தைவதங்கள், 10, 11 நிஷாதங்கள்.

7, 5: பவர் கார்ட்

தூரம் 7 என்றால் கீழ் ஸ்வரமே ரூட். 6ஆம் கம்பி ஓப்பன் (அழுத்தாமல்), 5ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட்: ஈ–பி, பெயர் ஈ5. ரூட்டும் பஞ்சமமும் மட்டும் உள்ள இதுதான் பவர் கார்ட். தம்புராவின் ச–ப மாதிரிதான் இது. மேஜரா மைனரா என்று காட்டும் காந்தாரம் இல்லாததால் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. ஈ5 இருக்கும் இடத்தில் ஈ மைனர் என்று எழுதிக் கொடுத்தால் கீபோர்டுக்காரர் ஜி சேர்ப்பார். பாடகர் அங்கே ஜி ஷார்ப் பாடினால் இரண்டும் மோதும்.

தூரம் 5 என்றால் புரட்டிப் பாருங்கள், அதாவது கீழ் ஸ்வரத்தை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே ஏற்றுங்கள்: 12−5=7. மேல் ஸ்வரம்தான் ரூட். ஜி–சி என்பது பெரும்பாலும் சி5. கீழே வேறு பேஸ் இல்லாவிட்டால் சி5/ஜி (சாய்கோட்டுக்குப் பின் வருவது பேஸ் ஸ்வரம்). டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் இதைக் காதாலேயே கேட்கலாம். ஜி 196 ஹெர்ட்ஸ், அதற்கு மேலுள்ள சி 261.63 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 65.63. இரண்டு ஆக்டேவ் கீழே இருக்கும் சி 65.41. டிஸ்டார்ஷன் இந்த வித்தியாச ஒலியையும் உண்டாக்கும் என்பதால் அடியில் சி உறுமுவது போலிருக்கும்.

3, 4, 8, 9: குழப்பத்தின் இருப்பிடம்

8 என்பது 4இன் புரட்டு, 9 என்பது 3இன் புரட்டு. 4ஆம் கம்பி 2, 2ஆம் கம்பி 1 பிடித்தால் ஈ–சி, தூரம் 8; அதைச் சி–ஈ என்றே நடத்துங்கள். இனி பேஸைக் கேளுங்கள். பேஸ் சி என்றால் சி மேஜர். ஏ என்றால் ஏ மைனர், மூன்று ஸ்வரமும் நிறைந்துவிடும். எஃப் என்றால் எஃப் மேஜர் 7. அங்கே சி பஞ்சமம், ஈ நிஷாதம். தனியாக ஒலித்தால் பஞ்சமம் இல்லாத சி என்பதுதான் முதல் ஊகம். ஆனால் முன்பின் கார்ட்கள் டி மைனர், ஈ7 என்று போனால் பாட்டு ஏ மைனரில் நிற்க வாய்ப்பு அதிகம். அப்போது ஏ மைனர் என்றே எழுதலாம்.

6: இரட்டை முகம்

4ஆம் கம்பி 3, 3ஆம் கம்பி 4: எஃப்–பி. இது ஜி7இன் நிஷாதமும் காந்தாரமும். டி ஃபிளாட் 7இன் காந்தாரமும் நிஷாதமும் இதுவே (அங்கே பியை சி ஃபிளாட் என்று எழுத வேண்டும்). புரட்டினாலும் 6தான் வரும், பயனில்லை. அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். விரல்கள் விலகி 4ஆம் கம்பி 2, 3ஆம் கம்பி 5 என்று ஈ–சிக்குப் போனால் அது ஜி7, சிக்கு வந்து சேர்ந்தது. நெருங்கி 4ஆம் கம்பி 4, 3ஆம் கம்பி 3 என்று ஜி ஃபிளாட்–பி ஃபிளாட் ஆனால் அது டி ஃபிளாட் 7. வாசித்தே பாருங்கள், இரண்டும் நம்பும்படியாகவே முடியும்.

தூரம் 10 என்றால் பெரும்பாலும் கீழ் ஸ்வரம் ரூட், மேலே கைசிகி நிஷாதம். 2 வந்தால் அதைப் புரட்டினால் 10, அல்லது சஸ்2 (காந்தாரத்துக்குப் பதில் ரிஷபம் வரும் கார்ட்). சி7, சி மைனர் 7 இரண்டுக்கும் பொதுவானது சி–பி ஃபிளாட். காந்தாரத்தைப் பாடுபவர் குரலில் தேடுங்கள்.

6ஆம் கம்பியை ஈயிலிருந்து டிக்கு இறக்கும் டிராப் டி டியூனிங்கில் 6–5 ஜோடியின் தூரம் 5 அல்ல, 7. ஒரே ஃபிரெட்டில் இரண்டையும் அழுத்தினாலே பவர் கார்ட் வருவது அதனால்தான். கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்தும் கிளிப்) போட்டிருந்தால் தூரம் மாறாது, ஸ்வரத்தின் பெயர் மட்டும் மாறும்: 2ஆம் ஃபிரெட்டில் கேப்போ இருந்தால் சி5 பிடி உண்மையில் டி5. பேஸ் வாசிப்பவருக்குக் கொடுக்கும் தாளில் டி5 என்றே எழுதுங்கள்.