நேரலைத் தளங்களில் தடை எப்படி விதிக்கப்படுகிறது, பல கணக்குகளைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி

ஒரு சேனல் முடங்கினால் இன்னொன்று கையில் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று கணக்குகளைத் திறந்து வைப்பவர்கள் ஏராளம். யூடியூப், ட்விட்ச் ஆகிய நேரலைத் தளங்களின் விதிகளை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே இந்த எண்ணம் தப்பு என்று தெரிந்துவிடும். தடை ஒரு கணக்கின் மேல் விழுவதுபோல் திரையில் தோன்றினாலும், விதியின் வாசகப்படி அது அந்தக் கணக்கை நடத்தும் ஆளின் மேல் விழுகிறது. எனவே பல கணக்குகளைப் பிரித்து வைப்பது திருட்டிலிருந்து உங்களைக் காப்பாற்றும்; தண்டனையிலிருந்து காப்பாற்றாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஒரு சேனலுக்கு வந்த சிறிய தடையை எல்லாச் சேனல்களுக்குமான பெரிய தடையாக மாற்றிக்கொள்கிறார்கள்.

எத்தனை வகைத் தடைகள்

முதலில் தடையை விதித்தது யார் என்று பாருங்கள். ட்விட்சில் ஒரு சேனலின் உரிமையாளரோ அரட்டையைக் கண்காணிக்க அவர் நியமித்த மாடரேட்டரோ உங்களை அந்தச் சேனலின் அரட்டையிலிருந்து நீக்க முடியும். அது அந்த ஒரு சேனலுக்கு மட்டுமே பொருந்தும், அதை நீக்கும் அதிகாரமும் அந்தச் சேனலைச் சேர்ந்தவர்களுக்கே உண்டு. தளமே விதிக்கும் தடை வேறு. ட்விட்ச் அதை 1 முதல் 30 நாள்கள் வரையிலான தற்காலிகத் தடையாகவோ, முடிவுத் தேதி இல்லாத காலவரையற்ற தடையாகவோ விதிக்கிறது.

யூடியூப் படிப்படியாகச் செல்கிறது. சமூக வழிகாட்டுதல்களை முதல்முறை மீறும்போது பெரும்பாலும் எச்சரிக்கை மட்டுமே வரும். அதன் பிறகு வரும் முதல் ஸ்ட்ரைக் (மீறலுக்கான தண்டனைக் குறி) ஒரு வாரத்துக்குப் பதிவேற்றத்தையும் நேரலையையும் நிறுத்திவைக்கும். 90 நாள்களுக்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரம். அதே 90 நாள்களுக்குள் மூன்றாவதும் வந்தால் சேனலே நீக்கப்படும். ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் அது விதிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள்களில் காலாவதியாகும். வீடியோவை அழித்துவிட்டால் ஸ்ட்ரைக்கும் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது போகாது. மிகக் கடுமையான மீறல் என்றால் இந்தப் படிகள் எதுவுமின்றி நேரடியாகவே சேனல் நீக்கப்படலாம்.

பதிப்புரிமை ஸ்ட்ரைக்குகளின் எண்ணிக்கை இதிலிருந்து தனியானது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், பயனர்கள் ஏற்றும் உள்ளடக்கத்துக்காகத் தளங்கள் சட்டப் பொறுப்பேற்காமல் இருக்க வேண்டுமானால், திரும்பத் திரும்ப மீறுபவர்களின் கணக்கை மூடும் கொள்கை அவற்றிடம் இருக்க வேண்டும் என்கிறது. இந்த விஷயத்தில் தளங்கள் கருணை காட்டத் தயங்குவது ஏன் என்பது இப்போது புரியும். மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக்குகள் சேர்ந்தால், அந்தச் சேனலோடு அதனுடன் தொடர்புடைய மற்றச் சேனல்களும் நீக்கப்படலாம் என்று யூடியூப் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பதிப்புரிமை உள்ள பாடலையும் காட்சியையும் தானாகக் கண்டறியும் யூடியூபின் அமைப்பான கன்டென்ட் ஐடி வழியாக வரும் உரிமைகோரல் ஸ்ட்ரைக் ஆகாது. அதனால் பெரும்பாலும் விளம்பர வருவாய் உரிமையாளருக்குச் செல்லும், அல்லது வீடியோ சில இடங்களில் மறைக்கப்படும். நேரலையில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. பின்னணியில் ஓடும் ஒரு பாடலுக்காக ஒளிபரப்பை நிறுத்தி, அதற்குப் பதிலாக ஒரு நிலைப்படத்தைக் காட்டிவிடும் வசதி அந்த அமைப்பில் உள்ளது.

தளம் உங்களை எப்படி அடையாளம் காண்கிறது

ஐபி முகவரியை மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். அடையாளம் காணப் பயன்படும் தகவல்களில் மிகவும் பலவீனமானது அதுதான். கைப்பேசி இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை அமர்த்துகின்றன என்பதால், ஒரு முகவரியை மொத்தமாகத் தடுத்தால் சம்பந்தமில்லாதவர்களும் அடிபடுவார்கள். ஆகவே ஐபி மட்டும் பொருந்துவதை வைத்து முடிவெடுப்பது எந்தத் தளத்துக்கும் ஆபத்தானது.

அதைவிட உறுதியானவை பல. உள்நுழையும் மின்னஞ்சல், சரிபார்த்த கைப்பேசி எண், உலாவியில் தங்கியிருக்கும் குக்கீகள், சாதனத்தின் அடையாளம், பணம் பெறும் கணக்கு ஆகியவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் இரண்டு கணக்குகளுக்கு இடையிலான உறவை மறைப்பது கடினம். குக்கீயை அழித்தாலும் உலாவியே ஒரு கைரேகையை விட்டுச் செல்கிறது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவிய எழுத்துருக்கள், திரையளவு, நேர மண்டலம் போன்ற சாதாரண விவரங்களை மட்டும் வைத்தே, பரிசோதிக்கப்பட்ட உலாவிகளில் 83.6 சதவீதம் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிந்தன. வருவாய் ஈட்டும் சேனல் என்றால் இந்த ஆராய்ச்சியெல்லாம்கூடத் தேவையில்லை: பணம் பெறுபவர் ஒருவருக்கு விளம்பர வருவாயை வழங்கும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கு ஒன்றே ஒன்றுதான் அனுமதிக்கப்படுகிறது என்பதால், உங்கள் பெயரே எல்லாச் சேனல்களையும் ஒரே நூலில் கோத்துவிடும்.

ட்விட்ச் 2021 செப்டம்பரில் அரட்டைக்கான கைப்பேசிச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தபோது, ஒரே எண்ணில் ஐந்து கணக்குகள் வரை சரிபார்த்துக்கொள்ள அனுமதித்தது. ஒருவர் பல கணக்குகள் வைத்திருப்பது குற்றமல்ல என்பதற்கு இதுவே சான்று. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: அந்த ஐந்தில் ஒன்றுக்குத் தளம் தடை விதித்தால், அதே எண்ணில் சரிபார்க்கப்பட்ட மற்ற நான்கும் முடங்கும். அதே ஆண்டு நவம்பரில் தடையை மீறி வருபவர்களைக் கணித்துச் சொல்லும் கருவியும் அறிமுகமானது. தடைசெய்யப்பட்டவராக இருக்கப் பெரிதும் வாய்ப்புள்ளவர் என்று அது கருதும் கணக்கின் செய்திகள் அரட்டையில் பொதுவாகத் தோன்றாமல் சேனல் உரிமையாளருக்கும் மாடரேட்டர்களுக்கும் மட்டும் தெரியும். ஐயம் குறைவாக இருந்தால் செய்தி வெளிவரும், ஆனால் ஓர் அடையாளக் குறியோடு மாடரேட்டர் கண்ணில் படும். இது இயந்திரத்தின் ஊகமே என்பதால் இறுதி முடிவு மனிதரிடம் விடப்பட்டிருக்கிறது. நீங்கள் மாடரேட்டராக இருந்தால் அந்தக் குறியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கருவிகள் கண்டுபிடிக்காவிட்டாலும் பார்வையாளர்கள் கண்டுபிடிப்பார்கள். குரல், பேச்சுப் பழக்கம், திரை வடிவமைப்பு, விளையாடும் நேரம் ஆகியவற்றை மாற்றிக்கொண்டு ஒருவர் நேரலை நடத்த முடியாது. மாற்றிக்கொண்டால் பழைய பார்வையாளர்களும் வரமாட்டார்கள். தடையைத் தாண்ட உதவுவதாக விற்கப்படும் சிறப்பு உலாவிகளுக்கும் வாடகைக் கணக்குகளுக்கும் பணம் கொடுப்பது வீண் என்றே நான் கருதுகிறேன். விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் ஒரு நாட்டிலிருந்தும் மாலையில் இன்னொரு நாட்டிலிருந்தும் உள்நுழைந்தால், கணக்கு களவுபோயிருக்கலாம் என்று தளம் சந்தேகிப்பது இயல்புதான்.

கணக்குகளைப் பிரித்து நடத்துதல்

இரண்டாவது கணக்குக்கு ஒரு வெளிப்படையான காரணம் இருக்க வேண்டும்: வேறு மொழி, வேறு பொருள், நிறுவனத்துக்கு ஒன்று தனக்கு ஒன்று, சோதனை ஒளிபரப்புக்கு ஒன்று. இவை எல்லாம் முறையானவை. சொந்த நேரலைக்குத் தானே பார்வையாளராக வந்து எண்ணிக்கையைக் கூட்டுவது, ஒரே வீடியோவை நான்கு சேனல்களில் ஏற்றுவது, ஒரு சேனலுக்கு ஸ்ட்ரைக் இருக்கும் வாரத்தில் அடுத்த சேனலில் நேரலை போடுவது ஆகியவை முறையற்றவை. இவற்றில் கடைசியாகச் சொன்னதை அறியாமல் செய்பவர்கள்தான் அதிகம். ஒரு சேனலின் கட்டுப்பாட்டை வேறொரு சேனலைக் கொண்டு தாண்டுவதை யூடியூப் தனி மீறலாகக் கருதுகிறது. அதன் விளைவு நீக்கம் வரை போகலாம்.

யூடியூபில் ஒரே கூகுள் கணக்கின்கீழ் பல சேனல்களை நடத்த முடியும். குழுவாகப் பணியாற்றுபவர்கள் கடவுச்சொல்லைப் பகிரவே கூடாது. யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதிக்குச் சென்று, ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சலின் வழியாக மேலாளர், எடிட்டர், பார்வையாளர் என்று தேவையான அளவுக்கு மட்டும் சேருங்கள். வேலையை விட்டுச் சென்றவரை அன்றே நீக்குங்கள். ட்விட்சிலும் எடிட்டர், மாடரேட்டர் என்ற பொறுப்புகள் உள்ளன. தளத்தின் தடையில் இருக்கும் ஒருவரைத் தெரிந்தே தன் சேனலில் தோன்றவைப்பதையும் ட்விட்ச் அனுமதிப்பதில்லை என்பதால், கூட்டு நேரலைக்கு விருந்தினரை அழைக்கும் முன் அவருடைய கணக்கின் நிலையை விசாரித்துக்கொள்வது நல்லது.

திருட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லைனஸ் டெக் டிப்ஸ் சேனலும் அதே நிறுவனத்தின் வேறு இரண்டு சேனல்களும் 2023 மார்ச்சில் ஒரே நேரத்தில் களவுபோயின. விளம்பர வாய்ப்பு தருவதாக வந்த மின்னஞ்சலோடு இருந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தபோது, ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்ட உலாவியில் இருந்த உள்நுழைவு டோக்கன் திருடப்பட்டது. டோக்கன் கையில் கிடைத்துவிட்டால் கடவுச்சொல்லும் வேண்டாம், இருபடிச் சரிபார்ப்பும் வேண்டாம். திருடியவர்கள் கிரிப்டோ மோசடி நேரலைகளை ஓடவிட்டார்கள். அதன் விளைவாகச் சேனல் நீக்கப்பட்டு, பிறகுதான் மீட்கப்பட்டது. களவுபோன கணக்கில் நடந்த மீறலுக்கும் முதலில் தண்டனை பெறுவது உரிமையாளர்தான்.

ஆகவே மின்னஞ்சலில் வரும் கோப்புகளைத் திறக்கும் கணினியிலோ, குறைந்தபட்சம் அந்த உலாவிச் சுயவிவரத்திலோ, சேனல் உரிமையாளர் கணக்கில் உள்நுழைந்தே வைத்திருக்காதீர்கள். இரண்டில் தனிக் கணினியே மேலானது; தீம்பொருள் ஒரு சுயவிவரத்தோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அன்றாட வேலைக்கு மேலாளர் அனுமதி உள்ள வேறொரு கணக்கே போதும். உரிமையாளர் கணக்குக்குக் குறுஞ்செய்திக்குப் பதிலாகப் பாஸ்கீ (சாதனத்தில் சேமிக்கப்படும் உள்நுழைவுச் சாவி) அல்லது அங்கீகாரச் செயலியை வையுங்கள். மீட்பு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் ஒவ்வொரு கணக்குக்கும் வேறாக இருக்கட்டும்.

ஒளிபரப்பு மென்பொருளிலும் இதே ஒழுங்கு வேண்டும். ஓபிஎஸ்ஸில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி புரொஃபைல் உருவாக்கிவிட்டால், ஒளிபரப்பைச் சேனலோடு இணைக்கும் ரகசியக் குறியீடான ஸ்ட்ரீம் கீ அந்தந்த புரொஃபைலோடு தங்கும். காட்சிகள் ஸீன் கலெக்‌ஷன் என்ற வேறு பட்டியலில் இருப்பதால், காட்சித் தொகுப்பை மட்டும் மாற்றிவிட்டு புரொஃபைலை மாற்ற மறந்தால், குழந்தைகள் சேனலுக்கான நிகழ்ச்சி விளையாட்டுச் சேனலில் ஓடத் தொடங்கும். தொடங்கும் பொத்தானை அழுத்தும் முன் சாளரத்தின் தலைப்புப் பட்டையில் புரொஃபைலின் பெயரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரீம் கீ திரையில் ஒரு நொடி தெரிந்துவிட்டாலும் உடனே அதை மாற்றிவிடுங்கள். அது கையில் இருப்பவர் உங்கள் பெயரில் எதை வேண்டுமானாலும் ஒளிபரப்ப முடியும், அதற்கான தடை உங்களுக்குத்தான் வரும்.

தடை வந்த பிறகு

முதலில் புதிய கணக்கு எதையும் திறக்காதீர்கள். அறிவிப்பில் சொல்லப்பட்ட கொள்கையின் பெயர், வீடியோ, நேரக்குறி ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துவிட்டு, அந்தக் கொள்கையின் முழு வாசகத்தைப் படியுங்கள். யூடியூபில் ஒரு ஸ்ட்ரைக்கை ஒருமுறைதான் மேல்முறையீடு செய்ய முடியும் என்பதால், கோபத்தில் எழுதி அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம். “நான் எந்தத் தவறும் செய்யவில்லை” என்ற வரியால் பயனில்லை. “வீடியோவின் 14:20இல் காட்டப்படும் ஆயுதம் விளையாட்டின் காட்சி, திரையின் வலது மூலையில் விளையாட்டின் பெயர் தெரிகிறது, ஆயுதம் செய்யும் முறையோ விற்பனை இணைப்போ வீடியோவில் இல்லை” என்று எழுதினால், மதிப்பாய்வு செய்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

பதிப்புரிமை ஸ்ட்ரைக்குக்கு மூன்று வழிகள் உண்டு: யூடியூபின் பதிப்புரிமைப் பாடமான காப்பிரைட் பள்ளியை முடித்து 90 நாள்கள் காத்திருப்பது, உரிமையாளரிடம் பேசி புகாரைத் திரும்பப் பெறச் செய்வது, புகார் தவறு என்று மறுக்கும் எதிர் அறிவிப்பு அனுப்புவது. மூன்றாவது சட்ட நடவடிக்கை. உங்கள் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குச் செல்லும். வழக்குத் தொடர்ந்ததற்கான சான்றை அளிக்க அவருக்கு 10 அமெரிக்க வேலை நாள்கள் தரப்படும். அளிக்காவிட்டால் வீடியோ திரும்பக்கூடும். உரிமை உங்களுடையது என்பதில் ஐயம் இருந்தால் இந்த வழியைத் தொடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் பிடிமானம் உண்டு. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி, தளம் தடைக்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முறையிடக் குறைந்தது ஆறு மாதம் தர வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு காணும் அமைப்பையும் அணுகலாம்.

மேல்முறையீடும் தோற்று சேனல் நிரந்தரமாகப் போய்விட்டால், நேர்வழியில் திரும்புவதற்கான வாசலை யூடியூப் 2025 அக்டோபரில் சிறிதளவு திறந்தது. நீக்கப்பட்டு ஓராண்டு கழிந்தவர்களில் சிலர் புதிய சேனலுக்கு விண்ணப்பிக்கலாம். பழைய வீடியோக்களும் சந்தாதாரர்களும் தாமாகத் திரும்ப வரமாட்டார்கள். பதிப்புரிமை மீறலுக்காக நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது, பழைய மீறல் எவ்வளவு கடுமையானது என்பதோடு, அந்த ஆளின் நடத்தை யூடியூப் சமூகத்துக்குத் தீங்கு விளைவித்ததா என்பதும் பார்க்கப்படுகிறது.