டல்பாக் போகிறவர்கள் டிக்கியில் செய்யும் தப்பு

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஒயின் பாட்டிலின் கழுத்து. வாயைச் சுற்றியிருந்த மெல்லிய தகடு லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் அடியிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு கோடு வழிந்து, லேபிளின் ஓரம் வரை வந்து காய்ந்திருக்கிறது. கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, இதைக் குடிக்கலாமா?"

அனுப்பியவர் கேப் டவுனுக்கு வந்து ஆறு மாதமே ஆன தம்பி. மனைவியோடு வார இறுதிக்கு டல்பாக் போய்விட்டு வந்திருக்கிறார். கிளம்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார வைத்து எல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன். "நீங்க சொன்னீங்கண்ணா. ஆனா மியூசியம் பார்க்க ஒரு மணி நேரம்தானேன்னு கார்லயே வெச்சுட்டேன்." பதினொரு வருஷத்துக்கு முன் நான் சொன்ன அதே வசனம். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: டல்பாக், கேப் டவுனிலிருந்து வடகிழக்கே சுமார் 120 கிலோமீட்டர், காரில் ஒன்றரை மணி நேரம். மூன்று பக்கமும் மலை, நடுவில் திராட்சைத் தோட்டங்கள், டச்சுக்காரர்கள் காலத்துச் சர்ச் தெரு. ஸ்டெலன்போஷ், ஃபிரான்ஷூக் மாதிரிப் பேர்போன ஒயின் ஊர்கள் சனி, ஞாயிறில் திருவிழாக் கூட்டமாக இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே வரலாம். தொப்பி, சன்ஸ்கிரீன், அறை முன்பதிவு இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேருவது

இது பெருநகரம் இல்லை. சனிக்கிழமை மதியத்தோடு கதவைச் சாத்தும் ஒயின் கூடங்கள் உண்டு. ஞாயிறு திறக்காதவையும் உண்டு. நாங்கள் முதல் தடவை சனிக்கிழமை காலை நிதானமாக இட்லி சாப்பிட்டுக் கிளம்பி, இரண்டரை மணிக்குப் போய் நின்றோம். பூட்டிக்கொண்டிருந்த அம்மா சிரித்த முகமாக "திங்கட்கிழமை வாங்க" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்ப் படுத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிதான் இந்த ஊரின் பொன்னான நேரம். எந்தக் கூடம் எத்தனை மணி வரை என்று முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் ஐந்து தோட்டம்

இரண்டு போதும். கணக்குப் போட்டால் புரியும். டேஸ்டிங் என்றால் ஐந்து வகை, வகைக்கு 30 மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஒரு இடத்துக்கு 150 மில்லி. நாலு இடம் போனால் 600 மில்லி, பாட்டிலே 750 தான். "ரெண்டு வாய்தானே குடிச்சேன்" என்று சாவியைச் சுழற்றுகிறவர் முக்கால் பாட்டிலுக்கு மேல் குடித்திருக்கிறார். இங்கே சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 0.05 கிராம். கூப்பிட்டதும் வந்து நிற்க டாக்சியும் கிடையாது. ஓட்டப்போவது யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது.

மேசையில் ஒரு ஜாடி இருக்கும். அது துப்புவதற்கு. நம் தாத்தாக்கள் வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கம் மாதிரிதான். அதில் துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தொழில் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்கள். என் மாமா ஒருவர் அதைப் பூச்சாடி என்று நினைத்து ஓரமாக நகர்த்தி வைத்தார்.

பாட்டிலை டிக்கியில் வைப்பது

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரு பிப்ரவரி, இங்கே உச்சக் கோடை. மலை மூன்று பக்கமும் மறைப்பதால் டல்பாக் பள்ளத்தாக்கில் சூடு தேங்கி நிற்கும். அன்று 36 டிகிரி. ஒரு சின்னத் தோட்டத்தில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்த்தோம். டல்பாக்கில் ஷிராஸ் நன்றாக வரும், அன்றைக்கு இன்னும் நன்றாக இருந்தது. மிளகு வாசனை, நாவல்பழத்தின் துவர்ப்பு, தொண்டையில் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும் ஒரு பதம். பெட்டியாக எடுத்தால் விலை குறையும் என்றார்கள். பன்னிரண்டு பாட்டில் வாங்கினேன். அந்த மாதக் கணக்கில் அது பெரிய தொகை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பேச்சுதான்.

காலை பதினொரு மணிக்குப் பெட்டி டிக்கிக்குள் போனது. மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம், கார் வெயிலில். அப்புறம் இன்னொரு தோட்டம். ராத்திரி இறக்கி வைக்கச் சோம்பல், "ராத்திரிதான் குளிர்ந்துவிடுமே" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் மியூசியம், தெரு, ஐஸ்கிரீம். திரும்பும்போது மணி நாலு.

வெளியே 36 டிகிரி என்றால் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50-ஐத் தாண்டிவிடும். ஒயினுக்கு 30-ஐத் தாண்டினாலே ஆபத்து. சூட்டில் திரவம் விரிகிறது, பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் சிறு காற்றிடம் அமுங்குகிறது, அதற்கு மேல் போக இடமில்லாமல் தக்கையைத் தள்ளுகிறது. ராத்திரி குளிர்ந்ததும் திரவம் சுருங்கி, அசைந்துபோன தக்கையின் ஓரமாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நான் "குளிர்ந்துவிடும்" என்று நம்பினேனே, அந்த ராத்திரிதான் பாதிக் காரியத்தைக் கெடுத்தது.

வீட்டில் பெட்டியைத் திறந்து முதல் பாட்டிலின் தலையைக் கட்டைவிரலால் தடவினேன். தட்டையாக இருக்க வேண்டிய இடம் புடைத்திருந்தது. தகட்டை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தேன். சரியான பாட்டிலில் வழுக்கிக்கொண்டு சுற்றும், இது பிசினாக ஒட்டிக்கொண்டு அசையவில்லை. உள்ளே கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டில் ஏழு அப்படி. மீதி ஐந்தும் பிழைத்தது என்று நினைத்து ஒன்றைத் திறந்தேன். மிளகைக் காணோம், துவர்ப்பைக் காணோம். ஜாமை வெந்நீரில் கரைத்தது போல ஒரு தித்திப்பு, அவ்வளவுதான். உடம்புக்குக் கெடுதல் இல்லை. தம்பிக்கும் அதைத்தான் பதிலாக அனுப்பினேன்: குடிக்கலாம், ஆனால் நீ வாங்கியது அது இல்லை. எங்கள் வீட்டில் அந்த ஒயின் மூன்று மாதம் சமையலுக்குப் போனது.

தக்கை இல்லாமல் திருகுமூடி போட்ட பாட்டில்தானே என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். அதில் கசிவு கண்ணுக்குத் தெரியாது, உள்ளே வேகுவது என்னவோ வேகத்தான் செய்யும். நுரைக்கும் ஒயின் என்றால் இன்னும் மோசம். கேப் கிளாசிக் என்று இங்கே செய்யும் நுரை ஒயினின் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதைச் சூட்டில் வைத்து ஸ்பீடு பிரேக்கரில் குலுக்குவது உங்கள் துணிச்சல்.

எனக்கு எரிச்சலே இதில்தான். இதே ஊரில் 1710-இல் தொடங்கிய ட்வீ யோங்கா கெசெல்லன் என்ற தோட்டம் இருக்கிறது. பெயருக்கு 'இரண்டு இளம் தோழர்கள்' என்று பொருள். பகல் வெயில் திராட்சையைத் தொடக்கூடாது என்று ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் பறிக்கும் வழக்கத்தைத் தென்னாப்பிரிக்காவில் முன்னெடுத்தவர்கள் அவர்கள். பழம் சூடேறக்கூடாதென்று அவர்கள் தூக்கம் கெட்டுப் பறித்து, குளிரவைத்து, மாதக்கணக்கில் இருட்டில் வைத்துப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்கிறார்கள். நாம் வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் இட்லிப் பானையில் வைக்கிறோம்.

என்ன செய்யலாம்? சனிக்கிழமை ருசி பாருங்கள், பிடித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள், காசைக் கையிலேயே வைத்திருங்கள். ஞாயிறு திறந்திருக்கும் இடமானால் கிளம்பும் காலையில் வாங்குங்கள். திறக்காத இடமானால் சனிக்கிழமையே காசு கட்டி, வீட்டுக்குக் கூரியரில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பல தோட்டங்கள் அனுப்புகின்றன. அதுவும் சரிவரவில்லை என்றால் வாங்கிய கையோடு தங்கும் அறைக்கு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அந்தப் பழைய வீடுகளின் சுவர் தடிமனுக்கு, கட்டிலடிதான் ஊரிலேயே உங்களுக்குக் கிடைக்கும் நல்ல நிலவறை. திரும்பும்போது ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் போட்டு, ஏசி ஓடும் காருக்குள் காலடியில் வையுங்கள். வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது. ஸ்ட்ராபெரி விற்றாலும் சரி.

சாயங்காலம் பெட்டியாக வாங்குவதும் இதே தவறின் தங்கச்சி. பத்து வகை குடித்த நாக்கு எதையும் அருமை என்றுதான் சொல்லும். பதினோராவது பாட்டில் வரும்போது உங்களிடம் நாக்கும் இல்லை, நிதானமும் இல்லை, கார்டு மட்டும்தான் இருக்கிறது.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' கேட்பது

அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது. 16, 18 டிகிரி. டல்பாக் திண்ணையில் பிப்ரவரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் ஷிராஸையும் பதினைந்து நிமிடம் ஐஸ் வாளியில் வைக்கச் சொல்லுங்கள்.

பெய்ன்ஸ்க்ளூஃப் கணவாயில் இருட்டில் ஓட்டுவது

வேண்டாம்.

சர்ச் தெருவை அரை மணி நேரத்தில் முடிப்பது

வெள்ளைச் சுவர், வளைந்த முகப்பு, வைக்கோல் கூரை. படம் எடுத்துக்கொண்டு "முந்நூறு வருஷப் பழமை" என்று போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்தத் தெரு அப்படியே நின்ற தெரு இல்லை. 1969 செப்டம்பர் 29 ராத்திரி பத்து மணிக்கு மேல் 6.3 அளவில் நிலநடுக்கம் வந்து ஊரைக் குலுக்கிப் போட்டது. முகப்புகள் சரிந்தன, சுவர்கள் பிளந்தன. இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், காவி ஃபாகன் என்ற கட்டடக்கலைஞரின் தலைமையில் 1970-களில் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து மீட்டெடுத்தார்கள். இடையில் ஏறியிருந்த தகரக் கூரை சில வீடுகளில் இறங்கி, மறுபடி வைக்கோல் ஏறியது. ஒரே தெருவில் 32 கட்டடங்கள் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. நீங்கள் பார்ப்பது பழைய தெருவும்தான், அதைப் பற்றி 1970-களில் கண்ட கனவும்தான். பழைய தேவாலயம் 1743-இல் கட்டியது, இப்போது மியூசியம். நிலநடுக்கத்தின் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து இன்னொரு முறை நடந்து பாருங்கள். எது ஒட்டு, எது அசல் என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

அப்புறம், அவை எல்லாமே கண்காட்சி இல்லை. ஆட்கள் குடியிருக்கிறார்கள். எங்களோடு வந்த நண்பர் மியூசியம் என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே ஒரு பெரியவர் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வீடுகளின் முன்னால் உயரமாக ஒரு மேடை இருக்கும், இங்கே 'ஸ்டூப்' என்பார்கள். நமக்கு அது திண்ணை. முதல் தடவை பார்த்தபோது என் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

யார் உழைப்பு என்று கேட்காமல் வருவது

இதை வழிகாட்டிகள் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். கேப் காலனியின் திராட்சைத் தோட்டங்களை நட்டதும் வளர்த்ததும் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களோடு நம் கரையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். புலிகாட்டும் நாகப்பட்டினமும் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்த காலம் அது. பழைய ஏடுகளில் பெயருக்குப் பின்னால் 'ஃபான் பெங்காலன்', 'ஃபான் மலபார்', 'ஃபான் கொரமாண்டல்' என்று ஊர் மட்டும் இருக்கும், அப்பன் பெயர் இருக்காது. சோழமண்டலக் கரைதான் அந்தக் கொரமாண்டல். 1834-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தாலும், 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானிடம்தான் வேலை. அதற்குப் பிறகும் கூலியின் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்துக் குடும்பங்களைக் குடியில் தள்ளிய 'டொப்' முறை நெடுங்காலம் நீடித்தது. அதனால் அறுவடையில் குனிந்து நிற்கிறவர்களைப் பின்னணியாக வைத்துக் கண்ணாடிக் கோப்பையோடு படம் எடுக்காதீர்கள்.

சைவம் என்பதை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்வது

முன்னாடியே போன் செய்யுங்கள். இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு வறுவலும் கீரை சாலடும்தான். என் அத்தை இரண்டு நாளைக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கிண்டல் செய்தோம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு சமையல்கட்டு மூடியாச்சு என்று கைவிரித்த இடத்திலிருந்து திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து அந்தப் புளியோதரையைத்தான் வழித்துச் சாப்பிட்டோம்.

ஊருக்கு மூன்று பாட்டில் கொண்டுபோவது

இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு வைத்தால் ஒன்றரை லிட்டர், மூன்றாவது வைத்தால் இரண்டேகால். கஸ்டம்ஸ்காரருக்கும் கூட்டல் தெரியும். இரண்டையும் வேட்டியில் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கப்போகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தம்பி அடுத்த மாதம் கோயம்புத்தூர் போகிறார். மாமனாருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. என் ஐஸ் பெட்டியை இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.