மண் காயும் நேரத்தில் மையும் வண்ணமும்

மண்பாண்டம், மைக்கோட்டோவியம், நீர்வண்ணம் ஆகிய மூன்றையும் விடாமல் பயில விரும்புவோர் பலர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டுச் சில மாதங்களில் ஒன்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். தாளும் மையும் நமக்காகக் காத்திருக்கும். ஈர மண் காத்திருக்காது. ஆகவே மண்ணின் பதத்தை ஒட்டி நாளை வகுத்துக்கொண்டு, அது காயும் இடைவெளிகளை மற்ற இரண்டுக்கும் தருவதே நிலைக்கக்கூடிய முறை.

காலையில் மண்ணை நன்றாகப் பிசைந்து, காற்றுக் குமிழிகளை நீக்கி, ஈரம் எங்கும் சமமான பின் சக்கரத்தில் வனையுங்கள். வனைந்த பாண்டத்தின் அடியைச் செதுக்கவும் கைப்பிடி ஒட்டவும், நகம் பட்டால் தடம் விழுந்தாலும் வடிவம் குலையாத பதம் வர வேண்டும். அது சித்திரை வெயிலில் சில மணி நேரத்திலேயே வந்துவிடும், ஐப்பசி மழையில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். விளிம்பு முதலில் காய்ந்து இறுகுவதால், அதை மட்டும் பாலித்தீன் தாளால் மூடி வையுங்கள். கைப்பிடியும் பாண்டமும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போதுதான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடம் விரிசல் விடும்.

இந்த இடைவெளியில் வரைய மிகச் சிறந்த பொருள், சற்றுமுன் வனைந்த அந்தப் பாண்டமே. கை உணர்ந்த வளைவைக் கண் எப்படிக் காண்கிறது என்பதைப் பென்சில் இல்லாமல் நேரடியாக மையில் வரைந்து பாருங்கள். பாண்டத்தின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே விரியும் பகுதி, எங்கே தளர்ந்திருக்கிறது என்பதைச் சக்கரத்தைவிடக் கோடு தெளிவாகக் காட்டிவிடும். அரக்குக் கலந்த இந்தியன் இங்கை ஊற்றுப்பேனாவில் நிரப்பாதீர்கள், அது உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும்; தொட்டு எழுதும் நிப்பே அதற்கு ஏற்றது. மேலே நீர்வண்ணம் பூசுவதாக இருந்தால், நீரில் கரையாத மைதானா என்று ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, காய்ந்த பின் ஈரத் தூரிகையால் தடவிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள் போதும். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்தால் மண்பாண்டத்தின் நிழலுக்கு உகந்த சாம்பல் நிறங்கள் பல கிடைக்கும். வண்ணம் காய்ந்தால் வெளிறும் என்பதால் சற்று அழுத்தமாகவே பூசுங்கள். ஒளி விழும் இடத்தில் தாளை வெறுமையாக விடுங்கள்.

மூன்றும் கூடுமிடம் பாண்டத்தின் மேற்பரப்பு. கார்பன் மையால் அதில் வரையும் வழிக்கோடுகள் சூளையில் எரிந்து மறைந்துவிடும். நிறம் தரும் உலோகப் பொடிகளான இரும்பு ஆக்ஸைடும் கோபால்ட் ஆக்ஸைடும் நிலைத்து நிற்கும். சுடுமுன் கருப்பாகத் தெரியும் கோபால்ட் சுட்ட பின் நீலமாகும் என்பதால், அதைக் கொண்டு தீட்டுபவர் நிறத்தை மனத்தில் கண்டே தீட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதற்சூடு கண்ட, அதாவது சூளையில் முதல்முறை சுட்டெடுத்த பாண்டம் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால் அதில் தயங்கும் தூரிகை திட்டாகும். அதே வீச்சைத் தாளில் பலமுறை பழகிய பிறகே அதன்மேல் கை வையுங்கள். ஆக்ஸைடுக்குத் தனித் தூரிகை, கையுறை, முகக்கவசம் கட்டாயம். உலர்ந்த மண்தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

முதற்சூட்டுக்குச் சூளையில் வைக்குமுன், பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது. தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும் 100 டிகிரி செல்சியஸ் வரையிலும், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் திடீரென விரிவடையும் 573 டிகிரியை ஒட்டியும் சூட்டை மெதுவாக ஏற்றுங்கள். முதற்சூட்டுக்குச் சுமார் 1,000 டிகிரி போதும். சொந்தச் சூளை இல்லாதவர்கள் பட்டறைகளில் கேட்டுப் பார்க்கலாம். 1971இல் மண்பாண்டக் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்தில் அத்தகைய பட்டறைகள் பெருகியுள்ளன. சூளையிலிருந்து எடுத்ததும் மண்ணின் வகை, ஆக்ஸைடு, வெப்பநிலை மூன்றையும் அந்தப் பாண்டத்தின் ஓவியத்துக்கு அருகிலேயே மையில் எழுதி வையுங்கள்.